மீதி 167 மணி நேரம்
மாற்றுத்திறன் குழந்தைகளும் கிராமத்து வீடுகளும்

மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுப் பிள்ளையை இயன்முறைச் சிகிச்சைக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய் வர, ஒரு கிராமத்துத் தாய்க்கு முழு நாள் ஆகும். காலையில் முதல் பேருந்து, இறங்கி மாறி இன்னொரு பேருந்து, அங்கே வரிசை, அரை மணி நேரச் சிகிச்சை, மறுபடி பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பு. அன்றைக்குக் கூலி கிடையாது. மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போது வீடு பூட்டிக் கிடக்கும். சில வாரம் போவார்கள், பிறகு நின்றுவிடும். மருத்துவமனைக் கோப்பில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று ஒரு வரி ஏறும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நகரத்தில் முடிவு கட்டிவிடுவார்கள்.

சிகிச்சை வாரத்துக்கு ஒரு மணி நேரம் தவறாமல் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி 167 மணி நேரமும் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அது சாப்பிடுகிறது, குளிக்கிறது, இடுப்பில் ஏறிக் கடைக்குப் போகிறது, தூங்குகிறது. அந்த அன்றாட வேலைகளையே குழந்தை கற்கும் நேரமாக மாற்ற முடியுமா? அதற்குக் கிராமத்துக் குடும்பத்துக்கு யார், எப்படித் துணை நிற்பது? அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் பலர் இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் 69 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு 11.79 லட்சம். அன்று கணக்கெடுத்தவை எட்டு வகைக் குறைபாடுகள்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் தனியாகவே வருகின்றன. எனவே பழைய எண்ணைக் குறைந்தபட்சமாகத்தான் கொள்ள வேண்டும். சிகிச்சையாளர்களோ பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கே போய்த் தாய்க்குக் கற்றுக்கொடுப்பது என்ற வழி பிறந்ததே ஒரு நாட்டுப்புறத்தில்தான். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரை மையமாக வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தன. எல்லாக் குழந்தைகளையும் ஒரே மையத்துக்கு அழைத்து வருவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் ஆசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனார், ஒரு சின்ன இலக்கைப் பெற்றோருக்குச் செய்துகாட்டினார், அடுத்த வாரம் வந்து பார்த்தார். 'போர்ட்டேஜ் வழிகாட்டி' என்ற பெயரில் பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது இதுதான்.

மெக்சிகோவின் சினலோவா மலைப்பகுதியில், அஹோயா என்ற கிராமத்தில், 1981இல் ப்ரொஹிமோ என்ற மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளான கிராமத்தவர்களே. அங்கு பெற்ற அனுபவத்திலிருந்து டேவிட் வெர்னர் 1987இல் 'டிஸேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்' என்ற தடித்த நூலை எழுதினார். மூங்கில் நடைக்கம்பி, மரக்கட்டையில் செய்த மூலை இருக்கை, பழைய டயரில் செய்த படுக்கை என்று கிராமத்தில் கிடைக்கிற பொருள்களைக் கொண்டே எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டிய நூல் அது. இரண்டு ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனம் சமுதாயம் சார் மறுவாழ்வுக்கான பயிற்சிக் கையேடுகளை வெளியிட்டது. அவற்றை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையின் இயன்முறை மருத்துவர் பத்மனி மெண்டிஸ்.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு சிக்கல் இருந்தது. பயிற்சி வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் பயிற்சியாகவே வந்தது. 'காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை காலை மடக்கி நீட்டுங்கள்' என்று ஒரு தாள் வரும். ஏற்கெனவே மாடு, வயல், அடுப்பு என்று ஓடுகிற பெண்ணுக்கு இது இன்னொரு வேலை. அமெரிக்க ஆய்வாளர் ராபின் மெக்வில்லியம் முன்வைத்த அணுகுமுறை இந்த இடத்தில்தான் விலகுகிறது. அவர் குறைபாட்டுப் பட்டியலில் தொடங்குவதில்லை. காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை வீட்டில் என்னென்ன நடக்கிறது, எந்த நேரம் சுமுகமாகப் போகிறது, எந்த நேரம் பாடாய்ப் படுத்துகிறது என்று குடும்பத்தையே சொல்லச் சொல்கிறார். பாடாய்ப் படுத்துகிற நேரம்தான் இலக்கு. கற்றல் நடப்பது இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில்தான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற செய்தி.

நம் ஊர்ப் பேச்சில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். களப்பணியாளர் வந்து, "அக்கா, எக்சர்சைஸ் குடுத்தீங்களா?" என்று கேட்டால், "குடுத்தேம்மா" என்ற பதில்தான் வரும். கொடுக்காவிட்டாலும் அதுதான் வரும். "நேத்து ராத்திரி சோறு ஊட்டும்போது எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அத ஏன் கேக்குற, ஒரு மணி நேரம் ஆச்சு. பாதியத் துப்பிட்டான். புரை வேற ஏறிருச்சு. எங்க மாமியா ஒரு பக்கம் ஏசுறாக" என்று உள்ளது உள்ளபடி கொட்டும். வேலை செய்ய வேண்டிய இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

சோறூட்டலையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் தலை நிற்காத குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, சங்கிலோ பாலாடையிலோ கஞ்சியை ஊற்றுவார்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு இது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்த வாக்கில் நிற்கும், நீர்த்த கஞ்சி நேரே அதற்குள் இறங்கும். அடிக்கடி நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் வருகிற பல குழந்தைகளுக்குக் காரணம் குளிரல்ல, இதுதான். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இரண்டு சுவர் சந்திக்கிற மூலையில், பின்னால் மடித்த சேலையையோ போர்வையையோ அண்டக் கொடுத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி இருக்கும்படி வைத்தால் உடம்பின் விறைப்பும் தளரும். மோவாய் சற்றே நெஞ்சுப் பக்கம் தாழ்ந்திருக்கட்டும். ஊட்டுபவர் எதிரில், குழந்தையின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், பழைய கதைதான். நீர்த்த கஞ்சியைவிடக் குழைய மசித்த பருப்புச் சோறு விழுங்க எளிது. கரண்டியை நேராகக் கொண்டுபோய் நாக்கின் மேல் லேசாக அழுத்தி எடுத்துவிட்டு, விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பழகிய பிறகு அதே சாப்பாடு குறைந்த நேரத்தில் முடியும். மிச்சமாகும் நேரம் தாயுடையது. அப்படியும் இருமலும் சளியும் நிற்கவில்லை என்றால் அது வீட்டில் தீர்கிற விஷயமல்ல, மருத்துவர் பார்க்க வேண்டும்.

குளியலும் இப்படித்தான். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு நடுவே குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது நம் வழக்கம். விறைப்பு உள்ள குழந்தைக்கு வெதுவெதுப்பான நீர் தசைகளை இளக்கும். துடைக்கிற அந்தப் பத்து நிமிடத்தில், இடுப்பிலிருந்து காலை மெல்ல விரிப்பதும் மூடிய உள்ளங்கையைக் கட்டைவிரல் பக்கமிருந்து திறப்பதும் மற்ற நேரத்தைவிடச் சுலபம். 'எங்கே உன் மூக்கு, எங்கே வயிறு' என்று பேசிக்கொண்டே துடைத்தால் மொழியும் சேர்ந்துவிடும். ஆனால் அந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சிலவற்றை விடத்தான் வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதுவது, விரல் விட்டுச் சளி எடுப்பது எல்லாம் நுரையீரலுக்குக் கேடு. பாட்டியிடம் இதைச் சொல்வதில் ஒரு பக்குவம் வேண்டும். 'நீங்க செய்றது தப்பு' என்று ஆரம்பித்தால் அந்த வீட்டில் கதை முடிந்தது. பாட்டியின் கைப்பழக்கத்தில் நல்லது எது என்று முதலில் காட்டி, அப்புறம் மூக்கு விஷயத்துக்கு வர வேண்டும்.

இடுப்பில் தூக்கும் நம் முறையும் ஒரு சொத்து. கால்கள் கத்தரிபோலக் குறுக்கே பின்னிக்கொள்ளும் குழந்தையை, இரண்டு காலையும் விரித்து இடுப்பின் இருபுறமும் போட்டுத் தூக்கினால், நடக்கிற நேரமெல்லாம் தொடை விரிந்தே இருக்கும். கைக்குழந்தையைப்போல இரு கையிலும் ஏந்திப் போனால் விறைப்பு கூடும், பார்ப்பதற்கும் வானத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. தூளி வேறு விஷயம். கொஞ்ச நேரம் நல்லதுதான். நாள் முழுக்கத் தூளியில் கிடக்கும் குழந்தைக்குப் பார்க்க, கையை நீட்ட, தலையைத் தூக்க ஒரு காரணமும் இல்லாமல் போகிறது. சேலைக்குள் அமைதியாக இருக்கிறது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள், அவ்வளவுதான்.

விரல்களுக்கு வேலை கொடுக்கக் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான் தேவையில்லை. முருங்கைக்கீரை உருவுவது, வேர்க்கடலை உரிப்பது, புளியில் கொட்டை எடுப்பது, கோலப்பொடியைக் கிள்ளுவது எல்லாம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கும் பயிற்சிதான். கடலையும் புளியங்கொட்டையும் வாயில் போடும் வயதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, குழந்தை உருவிய கீரை அன்றைக்குக் குழம்பில் விழும் என்பது. வீட்டு வேலையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்தக் குழந்தைக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

பேச்சு வராத குழந்தையிடம் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கண் எந்தப் பக்கம் போகிறதோ அதுவே பதில். பெரும்பாலான வீடுகளில் காத்திருப்பதுதான் கடினம். பாசத்தில் உடனே வாயில் வைத்துவிடுவோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டித் தெரிவது பெரிய ஆறுதல். துண்டைக் கையில் கொடுத்தால் குளியல், தட்டைக் கொடுத்தால் சாப்பாடு, செருப்பைக் காட்டினால் வெளியே போகிறோம் என்று தினமும் அதே பொருளால் சொல்லிவந்தால் அலறல் குறையும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு அதைக் காலைத் தேநீரோடும் இரவுச் சாப்பாட்டோடும் முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது. வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை விட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குக் குடும்பமே தேர்ந்தெடுத்த இலக்குகளை வைத்து வீட்டில் பயிற்சி தந்தார்கள். எட்டு வாரத்தில், பயிற்சி இல்லாத குழந்தைகளைவிட இவர்களின் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, மருத்துவர் அல்லாத பணியாளர்களைக் கொண்டு பயிற்சி தந்த ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. 65 குழந்தைகள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது, குழந்தை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஆனால் இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தே இருந்தது. கானாவில் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் தாய்மார்களைக் குழுவாகக் கூட்டிப் பயிற்சி தந்தபோது தாய்மார்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது தெளிவாகத் தெரிந்தது. மொத்தத்தில் சான்றுகள் நம்பிக்கை தருகின்றன, அற்புதம் எதையும் காட்டவில்லை. இந்தப் பயிற்சிகள் மூளைச் சேதத்தை ஆற்றுவதில்லை. அன்றாடத்தை நடத்துவதை எளிதாக்குகின்றன. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இதை நெடுநாள் செய்துவருவது தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் சேர்ந்தார். இவர்களின் ஆரம்பகால இடையீட்டுத் திட்டத்தில் அந்தந்தப் பகுதிப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகிறார்கள். கைபேசிச் செயலியில் பதிவாகும் விவரங்களைப் பார்த்துச் சிகிச்சை நிபுணர்கள் வழிநடத்துகிறார்கள். குழந்தை தவிர, குடும்பத்தின் ஈடுபாடு, பள்ளிச் சேர்க்கை, களப்பணியாளர்களின் பணிச்சூழல் ஆகியவற்றையும் அளந்து 2020இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். களப்பணியாளரின் களைப்பையும் கணக்கில் எடுத்தது என் கண்ணுக்கு முக்கியமாகப் படுகிறது. வெயிலில் ஊர் ஊராகப் போகிற அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டால் திட்டமே நின்றுபோகும்.

அரசுத் தரப்பில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பரிசோதிக்கின்றன. கண்டறிந்த குழந்தைகள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பள்ளி வயதில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். 2022இல் உலக வங்கி ஒப்புதல் தந்த உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களும் சிகிச்சை வாகனங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது பற்றி அங்கன்வாடிகளுக்கு ஒன்றிய அரசு 2023 நவம்பரில் தனி நெறிமுறையே வெளியிட்டது. குறை எங்கே என்றால், இத்தனை பேரும் ஒரே வீட்டுக்குத் தனித்தனியாக வந்து தனித்தனிப் பதிவேட்டில் எழுதுவதில்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. தாயிடம் நான்கு விதமான அறிவுரை சேர்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் என்று மாற்றினால், புதிய திட்டம் எதுவும் வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையே சிகிச்சை என்ற பேச்சில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'வீட்டிலேயே செய்துகொள்ளலாமே' என்று சொல்லி அரசும் மருத்துவமனையும் கையைக் கழுவிவிட இது வசதியான வாசகம். வீடு என்றால் நடைமுறையில் தாய். தந்தை திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார். ஊரில் இருந்தாலும் 'அவளுக்குத்தான் தெரியும்' என்று ஒதுங்குவார். அக்காள் எட்டாம் வகுப்போடு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டைக் குலைக்காத எந்த ஆலோசனையும் அரைகுறைதான். இரவு மாத்திரை அப்பா பொறுப்பு, சாயங்காலம் தெருவில் விளையாட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு, நூறு நாள் வேலை நேரத்தில் குழந்தை அங்கன்வாடியில் என்று வேலைகள் கைமாற வேண்டும். அங்கன்வாடியில் 'இவனை எங்களால பாத்துக்க முடியாதும்மா' என்று திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. ஆயாம்மாவுக்கு ஊட்டும் முறையை ஒரு மதியம் செய்துகாட்டினால் அந்தப் பயம் பாதி தெளியும்.

பணமும் வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். ஒரு பெண் கூலி வேலையை விட்டு வீட்டில் இருப்பதற்கு இது ஈடாகாது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு பேசுகிறது. அதைத் தாயின் உழைப்புக்கான ஊதியமாகக் கருதித் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆய்வுகள் அதிகம் தொடாத காலம் பத்து வயதுக்கு மேல். ஐந்து வயதில் இடுப்பில் ஏறிய பிள்ளை பன்னிரண்டு வயதில் தாயின் எடையில் பாதிக்கு மேல் இருப்பான். கிணற்றடிக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்ட முடியாது. தாயின் முதுகு போய்விடும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கழிப்பறைச் சிக்கலைத் தீர்க்கும். வாசற்படியில் ஒரு சாய்தளம் சக்கர நாற்காலியைத் தெருவுக்குக் கொண்டுவரும். பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் வருகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்குத் துணி மாற்றுவதைப் படிப்படியாகப் பழக்க முடியும். முதல் மாதவிடாய்க்கு முன்பே, அம்மா செய்வதைப் பார்க்க வைத்துத் தொடங்கினால் எளிது. கதவைச் சாத்திக் குளிப்பது, உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதும் அந்தக் குளியல் நேரத்தில் கற்க வேண்டியவைதான். அதைச் சொல்லித்தர வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. சிறு வயதுக்கு இருக்கிற கவனமும் பணமும் இந்த வயதுக்கு இல்லை.

துறை அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணியாளரின் வருகைப் பதிவேட்டில் இப்போது குழந்தையின் முன்னேற்றத்துக்குப் பல கட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு கட்டம் சேருங்கள்: இந்த மாதம் தாய்க்கு எந்த வேலை குறைந்தது? மூன்று மாதம் அது காலியாக இருந்தால், குழந்தைக்கு என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும் அந்த வீட்டுத் திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் தலை நிற்காத, ஒன்றரை வயதாகியும் நடக்காத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருந்தால், 'அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்றோ 'வசம்பு தேய்ச்சா சரியாயிடும்' என்றோ சொல்லி அனுப்பாதீர்கள். அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.